அறிவு அரசாளுமா? – தெக்கார்த்தின் 'ஆன்மாவின் உணர்ச்சிகள்' நூலும் ஒரு பெண்ணின் மறுப்பும்

1649-ஆம் ஆண்டின் இறுதியில் பாரிசிலும் ஆம்ஸ்டர்டாமிலும் சிறியதொரு பிரெஞ்சு நூல் வெளிவந்தது. 'ஆன்மாவின் உணர்ச்சிகள்' என்பது அதன் பெயர். ஆசிரியர் ரெனே தெக்கார்த். மூன்று பகுதிகளும் 212 சிறு பிரிவுகளும் கொண்ட அந்நூல் வெளிவந்த சில மாதங்களுக்குள், 1650 பிப்ரவரி 11-ஆம் நாள், ஸ்டாக்ஹோம் நகரில் அவர் காலமானார். தம் வாழ்நாளில் அவர் வெளியிட்ட கடைசி நூல் அதுவே.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் தெக்கார்த் எங்களுக்கு ஒரு தேர்வு வினாவாக மட்டுமே அறிமுகமானார். மனிதனை ஆன்மா, உடல் என இரு கூறாகப் பிளந்தவர், அதனால் தவறியவர். அவ்வளவே. 1663-இல் அவருடைய நூல்கள் சில 'திருத்தப்படும்வரை' விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன என்ற செய்தியையும் சேர்த்து எழுதினால் மதிப்பெண் குறையாது. அந்த மனிதர் தம் இறுதி ஆண்டுகளில் துயரத்தைப் பற்றியும் அன்பைப் பற்றியும் ஏன் நூல் எழுதினார் என்று நாங்கள் கேட்கவுமில்லை, எவரும் சொல்லவுமில்லை.

அந்நூல் ஒரு நோயாளியின் கேள்வியிலிருந்து பிறந்தது. நோயாளி ஓர் இளவரசி. நூலுக்குக் கிடைத்த மிகச் சிறந்த திறனாய்வையும் அவரே எழுதினார். அதுவும் நூல் அச்சேறுவதற்கு முன்பே. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, அறிவும் உணர்ச்சியும் அறமும் ஒன்றோடொன்று எவ்வாறு உறவு கொள்கின்றன என்ற பழைய வினா, பாடநூலை விட்டிறங்கி நம் வீட்டு முற்றத்தில் வந்து நிற்கிறது.

நாடிழந்த குடும்பத்தின் மகள்

எலிசபெத் 1618-இல் ஹைடெல்பர்க் நகரில் பிறந்தார். தந்தை ஐந்தாம் பிரெடெரிக் பொகேமியாவின் அரியணை ஏறி ஓராண்டு மட்டுமே ஆண்டார். 1620 நவம்பர் 8-ஆம் நாள் பிராகு நகருக்கு அருகில் வெண்மலைப் போரில் கத்தோலிக்கப் படைகளிடம் தோற்றார். 'ஒரு குளிர்காலத்து மன்னர்' என்ற ஏளனப் பெயரே அவருக்கு எஞ்சியது. குடும்பம் ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் அடைக்கலம் புகுந்தது. சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த அக்குடும்பத்தின் மூத்த மகளுக்குப் பட்டங்கள் இருந்தன; நாடில்லை, பணமில்லை. படிப்பு இருந்தது.

1643 மே மாதத்தில் அவர் தெக்கார்த்துக்கு முதல் கடிதம் எழுதினார். அவருக்கு வயது 24, தெக்கார்த்துக்கு 47. ஆன்மா வெறும் சிந்திக்கும் பொருள் என்றால், அதற்கு நீளமும் அகலமும் இல்லையென்றால், அது உடலை எவ்வாறு அசைக்க முடியும் என்பது அவர் கேள்வி. மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக மெய்யியல் வகுப்புகளில் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. தெக்கார்த் இருமுறை விடை கூறியும் அவர் நிறைவடையவில்லை. இறுதியில் தெக்கார்த் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார்: ஆன்மாவும் உடலும் ஒன்றியிருப்பதை ஆழ்ந்த தியானத்தால் அறிவதைவிட, அன்றாட வாழ்விலும் சாதாரண உரையாடலிலும்தான் நன்றாக அறிகிறோம் என்றார். இரு கூறாகப் பிளந்தவர் என்று நாம் மனப்பாடம் செய்த அதே மனிதர் எழுதியது இது.

அந்த முதற்கோடையிலேயே எலிசபெத் இன்னொன்றையும் கேட்டிருந்தார். உடலின்றியும் இருக்கவல்லது ஆன்மா என்றால், நன்றாகச் சிந்திக்கப் பழகிய ஒருவர், உடலில் எழும் ஏதோ ஒரு கோளாறினால் அத்திறன் முழுவதையும் இழந்துவிடுவது எப்படி? அன்று அது தத்துவ ஐயமாகத் தோன்றியது. இரண்டு ஆண்டுகளில் அதுவே அவருடைய வாழ்க்கையாயிற்று.

மருத்துவரும் நோயாளியும்

1645-இல் எலிசபெத்துக்கு விட்டுவிட்டுக் காய்ச்சலும் வறட்டு இருமலும் இருந்தன. உடலில் வந்த நோய்க்கு வேர் உள்ளத்தில் இருக்கிறது என்று தெக்கார்த் கணித்தார். மே மாதத்துக் கடிதத்தில், சாதாரண மனிதர்கள் தங்கள் உணர்ச்சிகளின் போக்கிலே செல்வர் என்றும், பெருமை வாய்ந்த ஆன்மாக்களோ உணர்ச்சிகளை உணர்ந்தும் அறிவைத் தலைமையில் நிறுத்துவர் என்றும் எழுதினார். நாடக மேடையில் நிகழும் துன்பத்தைக் கண்டு கண்ணீர் விடுகிறோம். ஆயினும் உள்ளே ஒரு நிறைவு இருக்கிறது. நம் வாழ்வின் துன்பங்களையும் அவ்வாறே, சற்று விலகி நின்று பார்க்கலாகாதா என்பது அவர் அறிவுரை.

இதைக் கல்நெஞ்சன் ஒருவனின் பேச்சு என்று எண்ணிவிடலாகாது. அவர் தம் சொந்த அனுபவத்திலிருந்து பேசினார். தாம் பிறந்த சில நாள்களில் தாய் இறந்துவிட்டதாகவே அவர் நம்பியிருந்தார். மனத்துயரால் வந்த நுரையீரல் நோயே அதற்குக் காரணம் என்றும் கருதினார். தாயிடமிருந்து தமக்கும் வறட்டு இருமல் வந்தது, இளமையிலேயே இறந்துபோவேன் என்று மருத்துவர்கள் கூறினர், நிகழ்வுகளை நல்ல கோணத்தில் பார்க்கும் பழக்கமே என்னைக் காப்பாற்றியது என்று எலிசபெத்துக்கு எழுதினார். இன்னொரு செய்தியும் உண்டு. 1640-இல் அவருடைய சிறுமகள் பிரான்சின் ஐந்து வயதில் இறந்தாள். அதே ஆண்டில் தந்தையும் இறந்தார். சில மாதங்களுக்குப் பின் துயருற்ற நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், கண்ணீர் பெண்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுபவருள் தாம் ஒருவரல்லர் என்று குறிப்பிட்டார்.

எலிசபெத்தின் மறுமொழி பணிவானது, ஆனால் விட்டுக்கொடுக்காதது. என் உடல் உள்ளத்தின் துயரங்களை எளிதில் ஏற்றுக்கொள்கிறது. உள்ளத்தோடு சேர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும் வலிமை அதற்கில்லை என்றார். ஒரு துன்பத்தை அறிவால் ஆற்றுவதற்குள் அடுத்த துன்பம் வந்துவிடுகிறது. குடும்பத்தின் வீழ்ச்சியை மேடையில் நடக்கும் நாடகமாக அவர் பார்க்க இயலவில்லை; அந்த மேடையில் அவரே நின்றுகொண்டிருந்தார்.

கோடையில் உரோமை மெய்யியலாளர் செனக்கா இன்ப வாழ்வைப் பற்றி எழுதிய நூலை இருவரும் சேர்ந்து படிப்பதெனத் தெக்கார்த் முன்மொழிந்தார். ஆகஸ்டு மாதம் மூன்று விதிகளை வகுத்தார். செய்யத் தக்கது எதுவென்று அறிவால் தேர்ந்து தெளிதல். தேர்ந்ததை உணர்ச்சிகளுக்கு இடம் கொடாமல் செய்து முடிக்க உறுதி பூணுதல். நம் கைக்கு எட்டாதவற்றை விரும்பாதிருத்தல். இவற்றைக் கைக்கொள்ளும் எவரும், வெளியிலிருந்து யாதொன்றும் பெறாமலே, மனநிறைவு காணலாம் என்றார்.

எலிசபெத்தின் பதில், என் கருத்தில், அக்காலத்து மெய்யியலின் சிறந்த வரிகளுள் இடம்பெறத் தக்கது. சில நோய்கள் சிந்திக்கும் ஆற்றலையே பறித்துவிடுகின்றன. அப்போது அறிவு தரும் நிறைவும் பறிபோகிறது. வேறு சில நோய்கள் அந்த ஆற்றலைக் குறைத்து, நல்லறிவு வகுத்த விதிகளைப் பின்பற்ற முடியாமல் செய்கின்றன. அவ்வாறாயின், நம் விருப்பத்துக்கு உட்படாத ஒன்றின் துணையின்றி மனநிறைவை அடையலாம் என்பது எவ்வாறு பொருந்தும் என்பதே அவர் வினவியது. மருந்தைக் குடிப்பதற்கு வேண்டிய கையையே நோய் முடக்கிவிட்டால் மருந்தால் என்ன பயன்? தெக்கார்த் நேர்மையானவர். தாம் கூறியவை சிந்தனையைத் தடையின்றிப் பயன்படுத்தக் கூடியவர்களுக்கே பொருந்தும் என்று அடுத்த கடிதத்தில் வரையறுத்துக்கொண்டார். அந்த ஒரு வரையறைக்குள் எத்தனை ஆயிரம் மனிதர்கள் வெளியே நிறுத்தப்படுகிறார்கள்!

பிறகு செப்டம்பரில் எலிசபெத் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: உணர்ச்சிகள் என்னவென்று வரையறுத்துக் காட்டுங்கள். அந்த வேண்டுகோளின் விளைவே நம் கையிலுள்ள நூல்.

நூலின் நிறைகள்

'பாசியோ' என்ற இலத்தீன் சொல்லுக்கு ஒன்றுக்கு ஆட்படுதல், ஒன்றைப் பட்டுணர்தல் என்பது பொருள். தமிழ் இதை மிக இயல்பாகச் சொல்லுகிறது. நாம் ஆசைப்படுகிறோம், கவலைப்படுகிறோம், கோபப்படுகிறோம், அச்சப்படுகிறோம். அனைத்திலும் ஒரு 'படுதல்' இருக்கிறது. ஆன்மா தானே செய்வது ஒன்று. அதன்மேல் வந்து படுவது வேறொன்று என்ற தெக்கார்த்தின் அடிப்படைப் பிரிவைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதே இல்லை.

தாம் சொற்பொழிவாளராகவோ அறவுரையாளராகவோ அல்லாமல் இயற்கையை ஆய்பவராகவே உணர்ச்சிகளை விளக்க முற்படுவதாக முகவுரைக் கடிதமொன்றில் அவர் கூறுகிறார். இது பெரிய மாற்றம். அச்சத்தில் கை நடுங்குவதும், வெட்கத்தில் முகம் சிவப்பதும், துயரில் பசியெடுக்காமல் போவதும் பாவத்தின் அடையாளங்களல்ல. உடல் அமைந்திருக்கும் விதத்தின் விளைவுகள். குருதியின் ஓட்டத்தையும் நரம்புகளையும், மூளையின் நடுவிலுள்ள பீனியல் சுரப்பியையும் கொண்டு அவர் தந்த விளக்கம் இன்று நிற்காது. ஆனால் உணர்ச்சிவயப்பட்ட மனிதனைக் கண்டிக்குமுன் அவனை அறிந்துகொள்ள வேண்டும் என்ற அணுகுமுறை நிற்கிறது.

வியப்பு, அன்பு, வெறுப்பு, விருப்பம், மகிழ்ச்சி, துயரம் ஆகிய ஆறும் மூல உணர்ச்சிகள் என்றும் மற்றவை இவற்றின் கலப்புகள் அல்லது வகைகள் என்றும் அவர் காட்டுகிறார். இவை அனைத்தும் இயல்பிலே நல்லவை; தவறான பயன்பாட்டையும் மிகையையுமே தவிர்க்க வேண்டும் என்பது அவர் முடிவு. இவ்வாழ்வின் இனிமை முழுவதும் கசப்பு முழுவதும் உணர்ச்சிகளையே சார்ந்தவை என்று கூறி நூலை முடிக்கிறார். 'ஆசாபாசம்' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அடக்கி ஒடுக்க வேண்டிய ஒன்றென்று எண்ணும் நம்மவர்க்கு இது நல்ல பாடம்.

மூன்றாம் பகுதியில் அவர் போற்றும் தலையாய பண்பு, பெருந்தன்மை. உண்மையில் தனக்குரியது தன் விருப்பத்தை நல்வழியில் செலுத்தும் சுதந்திரம் ஒன்றே என அறிந்து, அதை நன்கு பயன்படுத்த உறுதி கொண்டவன் பெருந்தன்மையாளன். அத்தகையோன் பிறரை இகழான். தன்னிடமுள்ள அந்தச் சுதந்திரம் அவர்களிடமும் உண்டென்று அறிவான். செல்வமும் குலமும் கல்வியும் மனிதரைத் தரம் பிரிக்கும் சமூகத்தில் இந்த வரிகள் இன்றும் வேலை செய்யக் கூடியவை.

நூலின் குறைகள்

முதற்குறை தொடக்கத்திலேயே தென்படுகிறது. உணர்ச்சிகளைப் பற்றி முன்னோர் கூறியவை மிகவும் குறைபாடுடையவை. எனவே எவருமே தொடாத பொருளைப் போல எழுத வேண்டியிருக்கிறது என்கிறார். லா ஃபிளேஷ் நகரில் இயேசு சபையாரின் கல்லூரியில் பயின்றவர் இவ்வாறு எழுதுவது வியப்புக்குரியது. 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தில், 22 முதல் 48 வரை 27 வினாக்களை உணர்ச்சிகளுக்கே ஒதுக்கினார். பதினோரு உணர்ச்சிகளை வகுத்தார். அவை தம்மளவில் நன்மையும் அல்ல, தீமையும் அல்ல; அறிவோடும் விருப்பத்தோடும் சேரும்போதே அறத்தன்மை பெறுகின்றன என்றார். விருப்பத்தால் மட்டுமன்றி உணர்ச்சியாலும் நன்மையை நோக்கி அசைக்கப்படுவதே மனிதனின் நிறைவு என்றும் கூறினார்.

இரண்டாவது குறை இதனினும் பெரியது. ஐம்பதாம் பிரிவில், எத்துணை வலுவற்ற ஆன்மாவாயினும் தக்க பயிற்சியால் தன் உணர்ச்சிகளின்மேல் முழு அதிகாரம் பெறலாம் என்கிறார் தெக்கார்த். வேட்டை நாயைப் பயிற்றி அதன் இயல்பையே மாற்றுகிறோமே, அறிவுள்ள மனிதனால் தன்னை மாற்றிக்கொள்ள இயலாதா என்பது அவர் வாதம். அக்குவினாஸ் இங்கே அவரினும் நுட்பமானவர். கை கால்களை ஆன்மா ஆள்வது தலைவன் அடிமையை ஆள்வது போன்றது. உணர்ச்சிகளை அறிவு ஆள்வதோ, எதிர்த்து நிற்கும் உரிமையுள்ள குடிமக்களை அரசன் ஆள்வது போன்றது என்றார். குடிமக்களிடம் ஆணை செல்லாது. அவர்களைக் கேட்கவும் இணங்கச் செய்யவும் வேண்டும். சில நாள்களில் அவர்கள் இணங்கவே மாட்டார்கள். அந்த நாள்களில் அரசன் தோற்றவனல்லன். அவன் ஆள்வது மனிதரை.

துயரத்துக்கு என்ன மருந்து என்றும் அக்குவினாஸ் கேட்டார். மகிழ்வு தருபவை, கண்ணீர், நண்பர்களின் உடனிரக்கம், உண்மையைத் தியானித்தல், இவற்றோடு உறக்கமும் குளியலும் என்று விடை தந்தார். மறைவல்லுநர் ஒருவர் குளியலை மருந்தாகச் சொல்வதைக் கேட்டுச் சிலர் புன்னகைக்கலாம். உண்மையைத் தியானிக்க இயலாத இரவில் ஒரு மனிதனுக்குச் செய்யக் கூடியது என்னவென்று அவர் அறிந்திருந்தார். தெக்கார்த்தும் நோயாளிக்குக் கனிம ஊற்று நீரையும் ஓய்வையும் பரிந்துரைத்தவரே. ஆயினும் அந்தப் பரிவு அவருடைய கடிதங்களில் தங்கிவிட்டது. நூலின் கோட்பாட்டுக்குள் அது நுழையவில்லை.

நண்பர்களின் உடனிரக்கம் என்ற மருந்தைச் சற்றுக் கவனிப்போம். தெக்கார்த்தின் பெருந்தன்மையாளன் பிறருக்கு உதவுபவன். ஆனால் தன் துயரில் பிறரை நாட வேண்டாதவன். ஆண்டுக்கணக்காக எலிசபெத்தை ஆற்றியவை எவை? விதிகளா, அல்லது அவ்விதிகளைச் சுமந்து வந்த கடிதங்களா? ஒருவர் தமக்காக நேரம் ஒதுக்கி, தம் மறுப்புகளையும் மதித்து மறுமொழி எழுதுகிறார் என்பதல்லவா அவருக்குக் கிடைத்த மருந்து? இதைத் தெக்கார்த்தின் வாழ்க்கை அறிந்திருந்தது. அவருடைய நூல் அறியவில்லை.

மனிதரால் வரும் துன்பம்

மூன்றாவது குறையை எலிசபெத்தே சுட்டிக்காட்டினார். கடவுள் இருக்கிறார், ஆன்மா அழியாதது, பேரண்டம் அளவிறந்தது, நாம் ஒரு முழுமையின் பகுதிகள் என்னும் உண்மைகளை எண்ணினால் மனம் ஆறும் என்று 1645 செப்டம்பரில் தெக்கார்த் எழுதினார். அதே மாதக் கடைசியில் எலிசபெத் மறுமொழி விடுத்தார். புயலில் பொருளை இழப்பது, காற்றின் நச்சால் உடல்நலம் இழப்பது, சாவினால் நண்பரை இழப்பது ஆகிய இயற்கைத் துன்பங்களில் கடவுளைப் பற்றிய அறிவு ஆறுதல் தரலாம். ஆனால் மனிதர், தம் சுதந்திர விருப்பத்தால், நமக்குச் செய்யும் தீமைகளில் அது ஆறுதல் தராது. மனித விருப்பங்களையும் கடவுள் ஆள்கிறார் என்று ஏற்கச் செய்வது விசுவாசம் ஒன்றே என்றார்.

மெய்யியலின் எல்லையை இதைவிடத் தெளிவாக வரைய முடியுமா? அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். அவருடைய குடும்பத்தை நாட்டைவிட்டுத் துரத்திய படை நம்முடையது. மனிதரால் வரும் துன்பம் என்று அவர் எழுதியபோது அவர் மனக்கண்முன் நின்ற மனிதரில் கத்தோலிக்கரும் இருந்திருப்பர் என்பதை நாம் மறந்து படிக்கலாகாது.

அதே ஆண்டின் இறுதியில் அவருடைய தம்பி எட்வர்டு பிரான்சில் கத்தோலிக்க மறையைத் தழுவினார். எலிசபெத் மனமுடைந்து தெக்கார்த்துக்கு எழுதினார். நமக்கு மகிழ்ச்சியான செய்தி அவருக்குச் சாவுச் செய்தி போலிருந்தது. கத்தோலிக்கரான தெக்கார்த் 1646 சனவரியில் பதில் எழுதினார். ஐரோப்பாவின் பெரும்பகுதி இதை நற்செயல் என்றே கொள்ளும். ஆன்மாக்களைத் தம்மிடம் ஈர்க்கக் கடவுள் பல வழிகளைக் கையாள்கிறார். உங்கள் முன்னோரும் ஒருகால் உரோமைச் சபையை விட்டு விலகியதால்தானே நீங்கள் இன்று இச்சபையில் இருக்கிறீர்கள் என்றவாறு அப்பதில் அமைந்தது. வாதத்தில் பிழையில்லை. ஆனால் அழுதுகொண்டிருக்கும் ஒருவரிடம் வாதத்தில் வெல்வது வெற்றியா? அறிவு தன் முழு அதிகாரத்தோடு பேசிய அந்த இடத்தில் துயரம் கேட்கப்படாமலே போயிற்று. மறைப்பணியாளராகிய எங்களுக்கு இந்தக் கடிதம் மனச்சான்றை ஆராய்வதற்குரிய ஒரு பக்கம்.

பின்வந்தவர்கள்

தெக்கார்த் விட்டுச் சென்ற சிக்கலைப் பின்வந்தோர் பலவாறு அவிழ்க்க முயன்றனர். 1647-இல் அவரை நேரில் சந்தித்த பிளேஸ் பாஸ்கல், அறிவின் வாதங்கள் எட்டாத ஓர் அறிதல் இதயத்துக்கு உண்டென்று கண்டார். அவருடைய சிந்தனைக் குறிப்புகள், அவர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1670-இல் நூலாயின. 1677-இல் வெளிவந்த ஸ்பினோசாவின் அறவியல் நூல், மனிதன் உணர்ச்சிகளின்மேல் முழு அதிகாரம் பெறுவான் என்ற தெக்கார்த்தின் கருத்தையும், அவருடைய சுரப்பியையும் சேர்த்தே கேலி செய்தது. ஓர் உணர்ச்சியை அதனினும் வலிய மற்றோர் உணர்ச்சியே வெல்லும் என்பது ஸ்பினோசாவின் கொள்கை.

1739-40-இல் ஸ்காட்லாந்து நாட்டின் டேவிட் ஹியூம் தராசை முழுவதும் கவிழ்த்தார். அறிவு உணர்ச்சிகளுக்குப் பணி செய்யும் ஏவலாள். நன்மை தீமைகளை நாம் அறிவால் கண்டுபிடிப்பதில்லை, உணர்கிறோம் என்றார். அந்நூலின் பெரும்பகுதியை அவர் எழுதியது, தெக்கார்த் பயின்ற அதே லா ஃபிளேஷ் ஊரில் தங்கியிருந்தபோதுதான். ஒரே ஊரில் பயின்றவர் அறிவை அரியணையில் ஏற்றினார், தங்கியவர் இறக்கினார்.

ஹியூமிடம் உண்மை இல்லாமலில்லை. பசித்த குழந்தையைக் கண்டு இரங்காதவனை எந்த வாதத்தாலும் இரங்கச் செய்ய முடியாது. ஆனால் நம் இரக்கம் அண்மையிலிருப்பவரிடம் மிகுந்தும் தொலைவிலிருப்பவரிடம் குறைந்தும் இருப்பதை ஹியூமே கண்டார். அதைச் சரிசெய்ய, தன்னலம் கடந்த பொதுவான ஓர் இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றார். அவ்வாறு நின்று பார்க்கச் சொல்வது எது? வெளியே அனுப்பிய அறிவை அவர் மீண்டும் உள்ளே அழைக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நல்ல சமாரியரின் உவமையில், அந்நியனிடம் பரிவு கொண்டவர் அப்பரிவோடு நின்றுவிடவில்லை. காயத்தைக் கட்டினார், விடுதிக்குக் கொண்டு சென்றார், செலவைக் கணக்கிட்டார், திரும்பி வருவதாகச் சொன்னார். பரிவு தொடங்கியது, அறிவு நிறைவேற்றியது. எது அரசன், எது ஏவலாள் என்ற வினாவே அங்கே எழவில்லை.

எலிசபெத்தை நடுவில் வைத்துப் பார்த்தால் இந்த நெடிய வழக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. அறிவு ஏவலாள் என்று அவர் சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் கற்றவர் அவர். அறிவுக்கும் உடல்நலம் வேண்டும், ஓய்வு வேண்டும், துணை வேண்டும் என்றே சொன்னார். அறிவை இகழாமலே அதன் ஏழ்மையை எடுத்துக்காட்டினார்.

ஆண்டவரின் கண்ணீர்

உணர்ச்சியற்ற நிலையே ஞானியின் நிலை என்ற ஸ்தோயிக்கரின் கொள்கையைப் புனித அகுஸ்தினார் தம் 'இறைவனின் நகர்' நூலின் 14-ஆம் ஏட்டில் மறுத்தார். மெய்யான மனித உடலும் உள்ளமும் கொண்ட ஆண்டவரிடம் தோன்றிய உணர்ச்சிகள் பொய்யானவையல்ல என்பது அவர் வாதம். இலாசரின் கல்லறைமுன் ஆண்டவர் அழுதார். சில மணித்துளிகளில் அவனை உயிர்ப்பிக்கப் போவதை அறிந்திருந்தும் அழுதார். துயரத்துக்குக் காரணமில்லை என்று அறிவு சொல்லக் கூடிய இடத்திலும் அவர் கண்ணீரை விலக்கவில்லை. கெத்சமனியில் சாவுக்கேதுவான துயரம் அவரை ஆட்கொண்டபோது, விலகி நின்று அதை நாடகமாகப் பார்க்கவில்லை. தம்மோடு விழித்திருக்குமாறு மூன்று நண்பர்களைக் கேட்டார். அவர்கள் உறங்கிவிட்டார்கள் என்பது வேறு செய்தி.

உணர்ச்சிகள் தம்மளவில் நன்மையோ தீமையோ அல்ல என்று 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு அக்குவினாசைப் பின்பற்றிக் கற்பிக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், இயேசுவின் திருஇதயத்தைப் பற்றி 2024 அக்டோபரில் எழுதிய சுற்றுமடலில், மெய்யியல் வரலாற்றில் அறிவும் விருப்பமும் சுதந்திரமும் பெற்ற இடத்தை இதயம் பெறவில்லை என்று குறைபட்டார். திருஇதயப் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் நாம் அந்தக் குறையின் ஆழத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது படிப்பு மட்டுமன்று. பல ஆண்டுகளுக்குமுன், கணவரை இழந்து ஓராண்டு கடந்தும் மீளாத ஒரு தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார். நம்பிக்கையோடு செபியுங்கள், மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் அம்மா என்று நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்த மனசுதான் சாமி என்கிட்ட இல்ல" என்றார். நான் மீண்டும் அதையே வேறு சொற்களில் சொன்னேன். அவர் வணங்கிவிட்டுப் போனார். பிறகு அதைப் பற்றி என்னிடம் பேச வரவில்லை. எலிசபெத்தின் ஆகஸ்டு மாதக் கடிதத்தைப் பின்னாளில் படித்தபோதுதான், அந்தத் தாய் எனக்குச் சொன்னது என்னவென்று விளங்கியது. மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படி அவர் மகனிடம் நான் சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டாரை மாலையில் போய் உடனிருக்கச் சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் நானே சற்று நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

எலிசபெத் 1646-இல் ஹேக் நகரை விட்டுச் சென்றார், கடிதங்கள் தொடர்ந்தன. 1649 சனவரியில் அவருடைய தாய்மாமன், இங்கிலாந்தின் மன்னர் முதலாம் சார்லஸ், தலை வெட்டப்பட்டார். அப்போதும் தெக்கார்த் ஆறுதல் எழுதினார். மறு ஆண்டு அவரே மறைந்தார். தம் கடிதங்களை அச்சிட எலிசபெத் இசையவில்லை. பின்னர் ஹெர்போர்டு நகரின் சீர்திருத்த மடத்தில் தலைவியாகி, பிறரால் துன்புறுத்தப்பட்ட சமயக் குழுவினர்க்கு அடைக்கலம் தந்து, 1680-இல் இறந்தார். அவருடைய கடிதங்கள் 1879-இல்தான் நூலாக வெளிவந்தன. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் உலகம் மருத்துவரின் குரலை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது.

தெக்கார்த்தின் நூல் படிக்கத் தக்கது. தனியே படிப்போர் அதில் தெளிவைக் காண்பர்; கடிதங்களோடு படிப்போர் அத்தெளிவு எவ்விடத்தில் முடிகிறதென்றும் காண்பர். நம் இல்லங்களிலும் பங்குகளிலும் துயருற்றோர் உண்டு. 'மனத்தை அடக்கு' என்று அவர்களிடம் சொல்லுமுன் நாம் ஒருகணம் நிற்போமானால் அந்த இளவரசியின் இருமல் வீண்போகவில்லை. உணர்ச்சியைப் படுதல் என்று அழைத்த நம் மொழிதான் ஆண்டவரின் வேதனையையும் 'திருப்பாடுகள்' என்று அழைக்கிறது. அவர் பட்டார்; விலகி நின்று பார்க்கவில்லை.